மைக்கில் குரல் ஏன் சன்னமாகப் பதிகிறது?

போன மாதம் அக்கா தன் மாணவர்களுக்காக ஒரு பாடத்தைப் பேசிப் பதிவு செய்தாள். நாற்பது நிமிடம், தடங்கலே இல்லாமல். முடித்துவிட்டு ஓட்டிப் பார்த்தால், பக்கத்து அறையில் யாரோ முணுமுணுப்பதுபோல் கேட்டது. திரையில் குரலின் அலைவடிவம் மேடும் பள்ளமுமாக இருக்க வேண்டும் அல்லவா? அவளுடையது தையல் நூலை நீட்டி வைத்த மாதிரி ஒரே கோடாகக் கிடந்தது. தெரிந்த நாலு பேரிடம் கேட்டாள். நாலு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "வால்யூமைக் கூட்டு." கூட்டினாள். முணுமுணுப்பு கொஞ்சம் பெரிதானது. கூடவே மழை பெய்வதுபோல் ஓர் 'உஸ்ஸ்' சத்தமும் பெரிதானது.

மைக் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் குழம்புகிறது. 'வால்யூம்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாலைந்து வெவ்வேறு விஷயங்களைச் சொல்கிறோம். ஸ்பீக்கரில் கேட்கும் சத்தமும் வால்யூம், மைக் எடுத்துக்கொள்ளும் அளவும் வால்யூம், பதிவான கோப்பைப் பிறகு பெரிதாக்குவதும் வால்யூம். இவை மூன்றும் வேறு வேறு இடங்களில் நடப்பவை. எந்த இடத்தில் குரல் குறைந்தது என்று தெரியாமல் கையில் கிடைத்த திருகை எல்லாம் திருகினால், அக்காவுக்கு நடந்ததுதான் நடக்கும்.

வீட்டுக் கணினியில் பேசிப் பதிவு செய்ய நினைக்கும் எவருக்கும் புரியும்படி இதை அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். மின்னணுவியல் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

குரல் போகும் பாதை

மாடியில் தண்ணீர்த் தொட்டி, கீழே குளியலறைக் குழாய், நடுவில் இரண்டு மூன்று வால்வுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது. குழாயை முழுக்கத் திறந்தாலும் அப்படியேதான் வருகிறது என்றால் என்ன பொருள்? மேலே ஏதோ ஒரு வால்வு பாதி மூடியிருக்கிறது. அதைத் திறக்காமல் கடைசிக் குழாயைத் திருகிப் பயனில்லை.

மைக்கும் அப்படியே. உங்கள் வாயிலிருந்து கோப்பு வரைக்கும் குரல் பல கைகள் மாறிப் போகிறது. முதலில் காற்று. அப்புறம் மைக்குக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு; காற்றின் அதிர்வை அதுதான் மின்சாரமாக்குகிறது. அந்த மின்சாரம் மிகச் சிறியது என்பதால் அதைப் பெருக்க ஒரு சுற்று உண்டு. அதை முன்பெருக்கி என்று சொல்லலாம். அது எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதற்குப் பெயர் கெயின். பெருக்கிய மின்சாரத்தை எண்களாக மாற்ற அடுத்து ஒரு மாற்றி. அதற்குப் பிறகு வருவதெல்லாம் வெறும் எண்கள்தான்: விண்டோஸ் அல்லது மேக் போன்ற இயங்குதளம், பதிவுச் செயலி, கடைசியாகக் கோப்பு.

ஸ்பீக்கர் வால்யூம் இந்த வரிசையில் எங்கேயுமே இல்லை என்பதைக் கவனியுங்கள். அது கோப்பைத் திரும்பக் கேட்கும் பாதையில் இருக்கிறது. ஸ்பீக்கரை நூறுக்கு ஏற்றினாலும் பதிவில் ஒரு துளிகூட மாறாது. கேட்கும்போது சத்தம் கூடுவதால் பதிவு சரியாகிவிட்டது என்று தோன்றும். அதே கோப்பை இன்னொருவருக்கு அனுப்பினால் அவர் "ஒண்ணுமே கேக்கலையே" என்பார்.

சுருக்கமாக: குரல் ஒரு சங்கிலியில் போகிறது. எந்தக் கண்ணியில் குறைந்ததோ அந்தக் கண்ணியில்தான் சரிசெய்ய வேண்டும். வாய்க்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணிகளை முதலில் பார்க்க வேண்டும். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

மைக் தரும் மின்சாரம் எவ்வளவு?

டிவி ரிமோட்டில் போடும் சின்ன பேட்டரி 1.5 வோல்ட், அதாவது 1,500 மில்லிவோல்ட். மேடையில் பாடகர்கள் கையில் பிடித்திருக்கும் ஷூர் எஸ்எம்58 போன்ற மைக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாதாரணமாகப் பேசினால், அதிலிருந்து வருவது ஒரு மில்லிவோல்ட்டுக்கும் குறைவு. ஆனால் ஒரு மியூசிக் பிளேயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் சமிக்ஞை சுமார் 300 மில்லிவோல்ட் இருக்கும். ஆக, இந்த மாதிரி மைக்கின் குரலைப் பயன்படும் அளவுக்குக் கொண்டுவர முந்நூறு மடங்குக்கு மேல் பெருக்க வேண்டியிருக்கிறது. இந்த ஒரு கணக்கு மனதில் இருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மைக் இயல்பாகவே சன்னமானது. குரல் குறைவாகப் பதிந்தால் மைக் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

வீட்டில் நாம் புழங்கும் மைக்குகள் மூன்று வகை. காந்தமும் கம்பிச்சுருளும் வைத்து வேலை செய்வது டைனமிக் மைக். இதற்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டாம், ஆனால் இது தரும் சமிக்ஞை மிகச் சிறியது. கண்டென்சர் மைக் அதிக உணர்திறன் உள்ளது. ஸ்டுடியோ வகைக் கண்டென்சர்களுக்குப் பொதுவாக 48 வோல்ட் மின்சாரம் கம்பி வழியாகவே போக வேண்டும். அதற்கு ஃபேன்டம் பவர் என்று பெயர். மூன்றாவது எலெக்ட்ரெட் மைக். 1962இல் பெல் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்ட்டும் உருவாக்கியது. இதுவும் கண்டென்சர் குடும்பம்தான். நிரந்தரமாக மின்னேற்றம் பிடித்து வைத்திருக்கும் ஒரு பொருள் இதனுள்ளே இருப்பதால் 48 வோல்ட் தேவையில்லை. உள்ளேயிருக்கும் குட்டிச் சுற்றுக்குச் சில வோல்ட் போதும். ஹெட்செட், காலர் மைக், பல லேப்டாப் மைக்குகள் இந்த வழியில் வந்தவை.

டெசிபல்: ஒரு தடவை புரிந்துகொண்டால் போதும்

எந்தப் பதிவுச் செயலியைத் திறந்தாலும் ஒரு மீட்டர் ஏறி இறங்கும். அதில் −60, −30, −12, 0 என்று எண்கள் இருக்கும். எல்லாம் ஏன் மைனஸில் இருக்கின்றன என்று திகைப்பவர்கள் உண்டு.

ஓர் அறையின் கூரையைப் பூஜ்யம் என்று வைத்து, உங்கள் தலை கூரைக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்தால் எல்லா எண்ணும் மைனஸில்தான் வரும். இந்த மீட்டரும் அப்படித்தான் அளக்கிறது. கணினி எழுதக்கூடிய மிகப் பெரிய எண்தான் கூரை, அதுதான் 0. அதற்கு எவ்வளவு கீழே குரல் இருக்கிறது என்பதை டெசிபல் என்ற அலகில் காட்டுகிறது.

டெசிபல் என்பது மடங்குக் கணக்கு. 6 டெசிபல் கூடினால் சமிக்ஞை இரண்டு மடங்கு, 20 கூடினால் பத்து மடங்கு, 60 கூடினால் ஆயிரம் மடங்கு. காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரட்டிப்பானதுபோல் தோன்ற 10 டெசிபல் வேண்டும். இவ்வளவு போதும், கணிதத்துக்குள் போக வேண்டாம்.

பேசும்போது மீட்டரின் உச்சங்கள் −12க்கும் −6க்கும் நடுவே வந்து போனால் நல்ல பதிவு. −30ஐத் தாண்டவே இல்லை என்றால் அதுதான் நாம் பேசிக்கொண்டிருக்கும் குறை. 0ஐத் தொட விடக் கூடாது. கூரைக்கு மேல் எண்ணே இல்லாததால், அதற்கு மேல் போகும் அலையின் தலை சீவப்படும். இதைக் க்ளிப்பிங் என்பார்கள். கேட்டால் குரல் கிழிந்த மாதிரி இருக்கும். சீவப்பட்டதைத் திரும்ப ஒட்டவைப்பது பெரிய பாடு. அதனால் கூரைக்கும் தலைக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டுத்தான் வைக்க வேண்டும். சிரிப்பு வரும், இருமல் வரும், சட்டென்று குரல் உயரும். அதற்கெல்லாம் அந்த இடம் வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தூரம்

இதை நான் எத்தனை முறை சொன்னாலும் பலர் கடைசியில்தான் முயன்று பார்க்கிறார்கள். புது மைக் வாங்குகிறார்கள், மென்பொருள் மாற்றுகிறார்கள். மைக்கை இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் நகர்த்த மட்டும் மனம் வருவதில்லை.

இரவில் ஒரே ஒரு மேசை விளக்கு எரிகிறது. புத்தகத்தை விளக்குக்குப் பக்கத்தில் பிடித்தால் எழுத்து பளிச்சென்று தெரிகிறது. இரண்டடி தள்ளிப் பிடித்தால் மங்குகிறது. விளக்கு அதேதான், வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவிப் போய்விடுகிறது. குரலும் அதே மாதிரி வாயிலிருந்து பரவி விரிகிறது. திறந்தவெளியில், தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபல் போய்விடும். சமிக்ஞை பாதியாகிவிட்டது என்று அர்த்தம்.

இப்போது இதைத் திருப்பிப் பாருங்கள். மைக் வாயிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கிறது. அதை 30க்குக் கொண்டுவந்தால் 6 டெசிபல் கிடைக்கும். 15க்குக் கொண்டுவந்தால் இன்னும் 6. மொத்தம் 12 டெசிபல், அதாவது நான்கு மடங்கு. ஒரு ஸ்லைடரையும் தொடவில்லை, ஒரு செலவும் இல்லை.

இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது, அதுதான் பெரியது. அறையில் மின்விசிறி ஓடுகிறது, கணினியின் விசிறி ஓடுகிறது, சுவரில் பட்டு உங்கள் குரலே எதிரொலித்து வருகிறது. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவரும்போது குரல் நான்கு மடங்காகிறது. தூரத்து விசிறியின் சத்தம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. குரலை மட்டும் தனியாகப் பெரிதாக்கும் இந்த வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்ய எந்த ஸ்லைடராலும் முடியாது. ஸ்லைடருக்குக் குரல் எது, விசிறி எது என்று தெரியாது.

ரொம்பப் பக்கத்தில் போனால் வேறு தொல்லை வரும். 'ப', 'ட', 'க' சொல்லும்போது வாயிலிருந்து வரும் காற்று மைக்கில் மோதி 'டப் டப்' என்று அடிக்கும். அதனால் மைக்கை வாய்க்கு நேர் எதிரே வைக்காமல் வாயோரத்தில் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். ஹெட்செட் மைக் என்றால் கன்னத்தை ஒட்டி, உதட்டோரத்துக்கு இரண்டு விரல் தள்ளி. மேசை மைக் என்றால் விரித்த கைச்சாண் தூரத்துக்குள்.

திசையும் உண்டு. பல மைக்குகள் முன்பக்கம் வரும் ஒலியை மட்டும் நன்றாக எடுத்து, பின்பக்கம் வருவதைத் தள்ளிவிடும். ஸ்டுடியோ வகைப் பெரிய கண்டென்சர்கள் பலவற்றுக்கு 'முன்பக்கம்' என்பது நுனி கிடையாது, பக்கவாட்டு. நுனியில் பேசினாலும் பின்புறத்தில் பேசினாலும் குரல் சன்னமாகவும் மங்கலாகவும் வரும். பெரும்பாலும் நிறுவனத்தின் சின்னம் இருக்கும் பக்கம்தான் முன்பக்கம். அதை முகத்துக்கு நேராக வைத்தாலே சில பேருடைய பிரச்சினை தீர்ந்துவிடும்.

குரலைப் பெருக்கினால் இரைச்சலும் பெருகும்

பென்சிலால் பொடிப்பொடியாக எழுதிய ஒரு தாளை ஜெராக்ஸ் இயந்திரத்தில் நான்கு மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்து பெரிதாகும். அதோடு தாளில் இருந்த கறை, தூசி, சொரசொரப்பு எல்லாமே நான்கு மடங்காகும். எழுதும்போதே பெரிதாக எழுதியிருந்தால்? கறை சின்னதாகவே இருந்திருக்கும், எழுத்து தெளிவாகத் தெரிந்திருக்கும்.

ஒவ்வொரு மின்சுற்றிலும் கொஞ்சம் இரைச்சல் இயல்பாகவே உண்டு. அக்காவின் பதிவில் மழைச் சத்தம் மாதிரி வந்தது அறையின் ஓசையும் சுற்றின் இரைச்சலும் சேர்ந்ததுதான். குரலுக்கும் இரைச்சலுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பதுதான் ஒரு பதிவின் தரம். சங்கிலியின் தொடக்கத்திலேயே, இரைச்சல் சேருவதற்கு முன்பே, குரலைப் பெரிதாக்கினால் அந்த இடைவெளி விரியும். எல்லாம் முடிந்த பிறகு கோப்பைப் பெரிதாக்கினால் இரண்டும் சேர்ந்தே ஏறும், இடைவெளி அப்படியே நிற்கும்.

இதுவரை: மைக் தருவது மில்லிவோல்ட் அளவு. தூரமும் திசையும்தான் முதல் வால்வு. அடுத்தது முன்பெருக்கியின் கெயின். மென்பொருள் ஸ்லைடர்கள் அதற்கும் பிறகு.

எந்த மைக் பதிகிறது? நகத்தால் சுரண்டிப் பாருங்கள்

இனி நேராகக் கணினிக்கு வருவோம். எந்த ஸ்லைடரையும் தொடுவதற்கு முன்னால் ஒரு சோதனை. பதிவுச் செயலியைத் திறந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டே, நீங்கள் பயன்படுத்துவதாக நினைக்கும் மைக்கின் மேல் நகத்தால் மெதுவாகச் சுரண்டுங்கள். மீட்டர் துள்ளி எழ வேண்டும். அசையாமல் கிடந்தால் பதிவாகிக்கொண்டிருப்பது வேறு மைக்!

லேப்டாப்பில் உள்ளேயே ஒரு மைக் இருக்கிறது, வெப்கேமில் ஒன்று இருக்கிறது, ஹெட்செட்டில் ஒன்று. கணினி இவற்றில் எதை எடுத்துக்கொள்ளும் என்பது நாம் கடைசியாக எதைச் செருகினோம், செயலியில் எது தேர்வாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. இயங்குதளத்தில் ஒரு தேர்வு, செயலிக்குள் தனியாக இன்னொரு தேர்வு என்று இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறும் என்று நம்ப முடியாது.

அக்காவின் ஹெட்செட் மைக்கைச் சுரண்டினேன். மீட்டரில் சலனமே இல்லை. லேப்டாப் மூடியின் மேல் விளிம்பில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை; அங்கே சுரண்டினேன். மீட்டர் சிவப்புவரை ஏறியது. நாற்பது நிமிடமும் உதட்டோரத்தில் ஒரு மைக்கை வைத்துக்கொண்டு, முக்கால் மீட்டர் தள்ளி இருந்த இன்னொரு மைக்கில் பதிவு செய்திருக்கிறாள், பாவம்.

ஸ்லைடர்கள் எங்கே இருக்கின்றன

சரியான மைக்தான், சரியான தூரம்தான், இன்னும் குறைவாக இருக்கிறது என்றால் இப்போது ஸ்லைடருக்குப் போகலாம்.

விண்டோஸில் செட்டிங்ஸுக்குள் சிஸ்டம், அதற்குள் சவுண்ட். அங்கே இன்புட் பகுதியில் உங்கள் மைக்கைத் தேர்ந்தெடுத்தால் அதன் அளவு 0 முதல் 100 வரை தெரியும். விண்டோஸ் 11இல் அதே பக்கத்தின் கீழே 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்று ஒன்று உண்டு. பழைய பாணிப் பெட்டி திறக்கும். அதில் ரெக்கார்டிங் என்ற தாவலில் மைக்கை இரட்டைச் சொடுக்குச் செய்து, லெவல்ஸ் தாவலுக்குப் போனால் சில கணினிகளில் 'மைக்ரோபோன் பூஸ்ட்' என்ற இரண்டாவது ஸ்லைடர் இருக்கும். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பெரும்பாலும் 0, 10, 20, 30 டெசிபல் என்று படிப்படியாக ஏறும். 20 என்றால் பத்து மடங்கு என்று முன்னாலேயே பார்த்தோம். ஆகவே ஒரே பாய்ச்சலில் 30க்குப் போகாதீர்கள். முதல் ஸ்லைடரை 80, 90க்குக் கொண்டுபோய், பூஸ்ட்டை 10இல் வைத்துப் பேசிப் பாருங்கள். போதவில்லை என்றால் மட்டும் 20.

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், சவுண்ட், இன்புட். அங்கே ஒரே ஒரு ஸ்லைடர்தான். சில யூஎஸ்பி மைக்குகளுக்கு அதுவும் இருக்காது. மைக்கின் உடம்பிலேயே இருக்கும் கெயின் திருகைத்தான் திருக வேண்டும். லினக்ஸில் பாவுகன்ட்ரோல் என்ற சிறு மென்பொருளில் இன்புட் டிவைசஸ் தாவலைப் பாருங்கள். முனையத்தில் வேலை செய்பவர்கள் அல்சாமிக்சரைத் திறந்து எஃப்4 விசையை அழுத்தினால் பதிவுப் பக்கத்தின் அளவுகள் வரும்.

அப்புறம், தானாகச் சரிசெய்யும் வசதி. பேச்சு சன்னமானால் கெயினை ஏற்றும், உரக்கப் பேசினால் இறக்கும். காணொளி அழைப்புச் செயலிகள் பலவற்றில் இது முதலிலேயே இயங்கிக்கொண்டிருக்கும். அழைப்புக்கு அது நல்லதுதான். ஆனால் ஒரு தடவை உரக்கச் சிரித்ததும் அது ஸ்லைடரைக் கீழே இறக்கிவைத்துவிட, பிறகு நீங்கள் வேறு செயலியில் பதிவு செய்யும்போது குரல் குறைவாக வரலாம். "நேற்று நன்றாக இருந்தது, இன்றைக்கு ஏன் இப்படி?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: நடுவில் யாருடனாவது கணினியில் பேசினீர்களா? பதிவுக்கு முன் அந்தத் தேர்வை அணைத்துவிட்டு அளவைக் கையால் வையுங்கள். இரைச்சல் நீக்கும் வசதியும் இதே மாதிரிதான். மெல்லப் பேசுபவரின் குரலையே இரைச்சல் என்று நினைத்துச் சொல்லின் தொடக்கத்தையும் முடிவையும் விழுங்கிவிடும்.

கம்பியும் துளையும்

மேசைக் கணினியின் பின்பக்கம் வண்ண வண்ணமாகத் துளைகள் இருக்கும். வழக்கமாக இளஞ்சிவப்பு மைக்குக்கு, பச்சை ஸ்பீக்கருக்கு, நீலம் லைன் இன் என்பதற்கு. லைன் இன் ஏற்கெனவே பெருக்கப்பட்ட சமிக்ஞையை எதிர்பார்க்கும் துளை. அங்கே முன்பெருக்கி கிடையாது. மைக்கை அதில் செருகினால் காதைக் கூர்மையாக்கினால்தான் ஏதாவது கேட்கும்.

போன் ஹெட்செட்டின் முனையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையங்கள் அதை நான்கு பகுதியாகப் பிரிக்கும்: இடது, வலது, தரை, மைக். கணினியின் தனி மைக் துளைக்கு உகந்த முனையில் வளையம் இரண்டுதான், பகுதி மூன்று. நாலு பகுதி முனையை மூன்று பகுதித் துளையில் செருகினால் மைக்கின் கம்பி சரியான இடத்தைத் தொடாது. அதற்கென்று ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் குட்டிக் கம்பி கிடைக்கிறது. அதைப் போட்டால் சரியாகிவிடும்.

ஸ்டுடியோ மைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விசேஷத் தொல்லை உண்டு. அந்த மைக்குகளின் மூன்று முள் எக்ஸ்எல்ஆர் கம்பியில் ஒரே குரல் இரண்டு கம்பிகளில் போகும்: ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக. வழியில் ஒட்டும் இரைச்சலை நீக்குவதற்கான ஏற்பாடு அது. இதைச் சில மலிவான மாற்றுக் கம்பிகள் நேரடியாக ஸ்டீரியோ துளையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அப்போது நேர்க் குரல் இடது பக்கமும் தலைகீழ்க் குரல் வலது பக்கமும் பதியும். ஹெட்போனில் கேட்டால் குரல் இருக்கிறது, என்னவோ பொள்ளலாக. இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கும் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டால் குரலே காணோம்! மேட்டில் பள்ளம் சரியாகப் பொருந்தித் தரைமட்டமாகிவிடுகிறது. இப்படிப் பதிந்த கோப்பு வீணாகவில்லை. செயலியில் இடது, வலது தடங்களைப் பிரித்து ஒன்றை நீக்கிவிட்டால் குரல் முழுதாகத் திரும்பிவரும்.

இந்த வகை மைக்குகளுக்கு ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டிதான் முறையான வழி. முன்பெருக்கியும் எண்ணாக மாற்றும் மாற்றியும் அதற்குள்ளேயே இருக்கும். கணினிக்கு யூஎஸ்பி வழியாகப் போகும். கண்டென்சர் மைக் என்றால் அதில் 48 வோல்ட் பொத்தானை அழுத்த மறக்காதீர்கள். அழுத்தாவிட்டால் பெரும்பாலும் எதுவுமே பதியாது. டைனமிக் மைக் என்றால் கெயின் திருகைத் தயங்காமல் ஏற்றுங்கள். பாட்காஸ்ட் செய்பவர்கள் விரும்பும் ஷூர் எஸ்எம்7பி மைக்குக்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார்கள். 60 டெசிபல் என்றால் ஆயிரம் மடங்கு என்று முன்பே பார்த்தோம். சில பெட்டிகளால் அவ்வளவு தர முடியாது. திருகை முழுக்கத் திருப்பியும் குரல் சன்னமாக இருந்தால், இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

ஏற்கெனவே சன்னமாகப் பதிந்துவிட்டதை என்ன செய்வது?

திரும்பப் பேசிப் பதிய முடியும் என்றால் அதுவே மேல். முடியாத பதிவுகளும் இருக்கின்றன. பாட்டி சொன்ன பழைய கதையையும் ஒரு முறைதான் கிடைத்த நேர்காணலையும் தூக்கிப் போட முடியுமா?

ஆடாசிட்டி போன்ற இலவசச் செயலியில் முதலில் கோப்பை நகலெடுத்துக்கொள்ளுங்கள். பேச்சே இல்லாத இரண்டு நொடியைத் தேர்ந்தெடுத்து, 'இதுதான் இரைச்சல்' என்று நாய்ஸ் ரிடக்ஷனுக்குக் காட்டுங்கள். பிறகு மொத்தப் பதிவிலும் அதை மிதமாகக் குறையுங்கள். அளவுக்கு மீறினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். கடைசியாக நார்மலைஸ் செய்தால், பதிவின் மிக உயர்ந்த உச்சத்தை நீங்கள் சொல்லும் அளவுக்கு, −1 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம், கொண்டுபோய் நிறுத்தி, மற்ற எல்லாவற்றையும் அதே மடங்கில் ஏற்றும். நடுவில் ஓர் இருமலோ கதவு அடித்த சத்தமோ இருந்தால் அதுதான் உச்சம் என்று கணக்காகி, பேச்சு ஏறாமலே நின்றுவிடும். அந்த இடத்தை மட்டும் முதலில் குறைத்துவிட்டு அப்புறம் நார்மலைஸ் செய்யுங்கள்.

அக்கா மறுபடியும் பேசுவதாகச் சொன்னாள். செயலியில் ஹெட்செட் மைக்கைத் தேர்ந்தெடுத்தோம். முதல் வாக்கியத்திலேயே மீட்டர் சிவப்பைத் தொட்டது. காரணம், கண்ணில் பட்ட பூஸ்ட் எல்லாவற்றையும் அவள் முன்பே 30க்கு ஏற்றி வைத்திருந்தாள். அதை 10க்கு இறக்கினோம், மைக்கை உதட்டுக்கு நேரிலிருந்து கன்னத்தோரம் ஒதுக்கினோம். "வணக்கம் பிள்ளைகளா" என்று தொடங்கினாள். உச்சம் −9இல் வந்து நின்றது. இந்தத் தடவை முழுதும் பேசுவதற்கு முன்னால் அவளாகவே நிறுத்தி, பத்து நொடி பதிந்ததை ஓட்டிக் கேட்டாள். பின்னால் விசிறி ஓடுவது கேட்கிறதா என்று என்னைக் கேட்டாள். காதை வைத்துத் தேடினால்தான் கேட்டது.